இந்த வீடு எப்போது கட்டியது? பழைய கட்டடத்தின் வரலாற்றைக் கண்டறிய ஒரு முழுமையான வழிகாட்டி

முகப்பில் 1928 என்று சுதையில் பொறித்திருக்கும். வீட்டுக்காரர் "இருநூறு வருஷத்து வீடு" என்பார். மேலே ஏறி ஓர் ஓட்டைத் திருப்பிப் பார்த்தால் 1865 என்று இருக்கும். பெட்டியில் இருக்கும் கிரயப் பத்திரமோ 1911 என்று சொல்லும். இந்த நான்கில் எது சரி?

நான்குமே சரியாக இருக்கலாம். 1928 மாடி எடுத்த வருஷம். 1865 அந்த ஓட்டு ஆலை தொடங்கிய வருஷம். 1911 மனை கைமாறிய வருஷம். இருநூறு என்பது அந்தக் குடும்பம் அதே தெருவில் குடியிருந்து வரும் காலம். ஒரு பழைய கட்டடத்தை ஆராயும்போது ஆண்டுகள் நிறையவே கிடைக்கும். ஒவ்வொன்றும் கிடைக்கும்போது "இது எதனுடைய ஆண்டு?" என்று கேட்காமல் விட்டுவிட்டால்தான் சிக்கல். அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு, தமிழ்நாட்டு ஊர் ஒன்றில் இருக்கும் பழைய வீட்டையோ சத்திரத்தையோ பள்ளிக்கூடத்தையோ எங்கே தொடங்கி எப்படி ஆராய்வது என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

முதலில் சுவரைப் பாருங்கள், காகிதத்தை அப்புறம் பார்க்கலாம்

பத்திரத்தைப் படித்துவிட்டு வீட்டைப் பார்த்தால் பத்திரம் சொன்னதுதான் கண்ணுக்குத் தெரியும். அதனால் முதலில் கட்டடத்துக்குப் போங்கள். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், இரண்டாம் கட்டு, கொல்லை என்று (செட்டிநாட்டில் முகப்பு, வளவு என்று) தோராயமாக ஒரு வரைபடம் போடுங்கள். ஒவ்வொரு சுவரின் கனத்தையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். கனம் திடீரென்று மாறும் இடத்தில் கட்டுமானக் காலமும் மாறியிருக்க வாய்ப்பு அதிகம்.

அடுத்து ஒட்டுகளைத் தேடுங்கள். இரண்டு சுவர்கள் சேரும் இடத்தில் செங்கல் ஒன்றுக்குள் ஒன்று பின்னாமல் மேலிருந்து கீழாக நேர்கோடாக விரிசல் ஓடினால், ஒன்று முந்தியது, இன்னொன்று பிந்தியது. ஒரு பக்கம் சுண்ணாம்புச் சாந்து, மறுபக்கம் சிமெண்ட் என்றால் சந்தேகமே வேண்டாம். அடைத்த ஜன்னல், பாதி புதைந்த படிக்கட்டு, தெரு மட்டத்துக்கு இறங்கிவிட்ட திண்ணை எல்லாம் குறிப்பில் வரவேண்டும். தெரு உயர்ந்துகொண்டே வந்திருக்கும், வீடு அதே இடத்தில் நின்றிருக்கும்.

மரத்தை நம்புவதில் கவனம் தேவை. உத்திரத்திலோ தூணிலோ காரணமே இல்லாமல் துளைகளும் வெட்டுகளும் இருந்தால், அந்த மரம் வேறொரு வீட்டில் வேலை பார்த்துவிட்டு வந்தது. நம் ஊர்களில் பழைய வீட்டைப் பிரித்து நிலையும் தூணும் வாங்கி வந்து புது வீடு கட்டுவது எப்போதும் நடந்ததுதான். அனுபவமுள்ள ஆசாரி ஒருவரைக் கூட்டிப்போனால் அரை மணி நேரத்தில் எது அசல், எது வந்து சேர்ந்தது என்று காட்டிவிடுவார். அப்படியே ஒரு கொத்தனாரையும் அழைத்துப் போங்கள். எந்தக் கருவியையும்விட இவர்கள் கண்ணுக்கு அதிகம் தெரியும்.

தொழிற்சாலையில் செய்த பொருள்கள் கிடைத்தால் அதிர்ஷ்டம். ஆனால் அவை சொல்வது பெரும்பாலும் "இதற்கு முன்னால் இல்லை" என்பதை மட்டும்தான். சுவிட்சர்லாந்தின் கிறிஸ்தவ மிஷனரி அமைப்பான பாசல் மிஷன் 1865இல் மங்களூர் ஜெப்புவில் ஓட்டு ஆலை தொடங்கியது. ஓடுகளில் காணும் ஆண்டு பல சமயம் ஆலை பிறந்த ஆண்டே தவிர, அந்த ஓடு சுட்ட ஆண்டு அல்ல. முதல் உலகப் போருக்குப் பிறகு அந்த ஆலைகள் காமன்வெல்த் டிரஸ்ட் கைக்குப் போயின. ஆகவே ஓட்டில் காமன்வெல்த் பெயர் இருந்தால் அது போருக்குப் பிந்தியது. இரும்பு உத்திரத்தின் பக்கவாட்டில் பெயிண்டுக்கு அடியில் புடைப்பான எழுத்துகள் இருக்கும். இங்கிலாந்தின் டார்மன் லாங் பெயர் நம் பக்கத்து வீடுகளில் அடிக்கடி தென்படும். டாட்டா பெயர் இருந்தால் 1912க்கு முன்னால் இருக்க முடியாது, ஜாம்ஷெட்பூரில் எஃகு உருகத் தொடங்கியதே அப்போதுதான்.

பழைய மின்கம்பி, அது ஓடும் மரச்சட்டம், வட்ட சுவிட்சுகள் இருந்தால் அவற்றையும் படமெடுத்துக்கொள்ளுங்கள். பைக்காரா மின்சாரம் 1932இலும், மேட்டூர் 1937இலும், பாபநாசம் 1944இலும் வந்தன. சில நகரங்களுக்கு அதற்கு முன்பே தனியாக மின்சாரம் இருந்தது, வசதியான வீடுகளில் சொந்த எந்திரமும் இருந்தது. அதனால் இது வலுவான சாட்சி அல்ல. துணைச் சாட்சி என்று வைத்துக்கொள்ளலாம்.

கல்வெட்டோ, முகப்பில் தேய்ந்த எழுத்தோ இருந்தால் சுரண்டாதீர்கள், எண்ணெய் தடவாதீர்கள், சாக்பீஸால் நிரப்பாதீர்கள். இருட்டிய பிறகு டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் படமெடுங்கள். பகலில் தெரியாத எழுத்து நிழலில் எழுந்து நிற்கும். பூச்சை உடைத்துப் பார்க்கும் ஆசை வரும். வீட்டுக்காரரே சரி என்றாலும் வேண்டாம்.

நிலத்துக்கு ஒரு எண் இருக்கிறது, அதைப் பிடியுங்கள்

அரசாங்கக் காகிதங்களில் வீட்டுக்குப் பெயர் கிடையாது, நிலத்துக்கு எண் உண்டு. பட்டா, 'அ' பதிவேடு (ஊர் நிலங்களின் பட்டியல்), புல வரைபடம் ஆகியவற்றை இணையத்தில் எடுத்துவிடலாம். நகரமாக இருந்தால் நகர நில அளவைப் பதிவேட்டில் வார்டு, பிளாக், நகர அளவை எண் கிடைக்கும். இன்றைய எண் பழைய பத்திரத்தில் இருக்காது. 1980களில் நடந்த நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டத்தின்போதும் நகர அளவையின்போதும் எண்களும் உட்பிரிவுகளும் மாறின. பழைய எண்ணையும் புது எண்ணையும் இணைத்துக் காட்டும் பட்டியல் வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டால் கிடைக்கும். இன்னும் பழைய பத்திரத்தில் பைமாஷ் எண் என்று ஒன்று இருக்கும். அது முறையான அளவைக்கு முந்தியது.

இங்கே இரண்டு இடங்களில் பலர் மனம் தளர்ந்துவிடுகிறார்கள். முதலாவது, கிராம நத்தம். ஊர்க் குடியிருப்புப் பகுதி முழுவதும் பழைய கணக்கில் நத்தம் என்று ஒரே எண்ணாக இருக்கும், தனித்தனி வீட்டுக்காரர் பெயர் இருக்காது. அங்கே வருவாய்த்துறைக் காகிதத்தில் நேரத்தைச் செலவிடாமல் நேராகப் பத்திரத்துக்கும் வீட்டு வரிக்கும் போய்விடுங்கள். இரண்டாவது, ஜமீன் ஊர்கள். சிவகங்கை, ராமநாதபுரம் ஜமீன்களுக்குள் இருந்த ஊர்களில் 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் அரசின் ரயத்துவாரி (நிலத்தை வைத்திருப்பவரிடமே அரசு நேரடியாக வரி வாங்கும் முறை) அளவை நடந்தது. அதற்கு முந்திய கணக்கு ஜமீன் கச்சேரியில் (அலுவலகத்தில்) இருந்திருக்கும்.

அக்கிரகாரம், சத்திரம், மடம், பள்ளிவாசல் போன்றவை மானிய நிலத்தில் இருக்க வாய்ப்பு அதிகம். சென்னை மாகாணத்தில் 1858இல் இனாம் கமிஷன் அமைத்து ஒவ்வொரு மானியத்தையும் விசாரித்தார்கள். யார் கொடுத்தது, எதற்குக் கொடுத்தது, இப்போது யார் அனுபவிக்கிறார்கள் என்று அந்தப் பதிவேடுகளில் இருக்கும். தனியார் வீட்டுக்குக் கிடைக்காத ஆழம் ஒரு சத்திரத்துக்குக் கிடைப்பது இதனால்தான்.

பத்திரங்கள்

நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். வில்லங்கச் சான்றிலிருந்து தொடங்குங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் பெரும்பாலும் 1975க்குப் பிறகான பதிவுகளைப் பார்க்கலாம். அதற்கு முந்தியவற்றுக்குச் சார் பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டு, தேடுதல் கட்டணம் கட்டி, கையால் எழுதிய அட்டவணைகளில் தேடச் சொல்ல வேண்டும். ஆவண எண்ணும் வருஷமும் கிடைத்துவிட்டால் நகல் கேட்கலாம். ஒவ்வொரு பத்திரத்திலும் "இந்தச் சொத்து எனக்கு எப்படிக் கிடைத்தது" என்ற வரி இருக்கும். அதில் முந்திய பத்திரத்தின் எண்ணும் வருஷமும் இருக்கும். அதைப் பிடித்து ஒன்றுக்கு முந்தியது, அதற்கு முந்தியது என்று மூலப் பத்திரம் வரை பின்னால் போகலாம்.

பத்திரத்தில் எல்லோரும் பெயரையும் தொகையையும் பார்ப்பார்கள். நீங்கள் கடைசியில் இருக்கும் சொத்து விவரத்தைப் படியுங்கள். காலிமனை, மனைக்கட்டு, கூரை வீடு, ஓட்டு வீடு, மச்சு வீடு, மெத்தை வீடு என்று நிலத்தின் மேல் என்ன நின்றது என்பது அங்கேதான் இருக்கிறது. 1911 பத்திரத்தில் "காலிமனை" என்றும் 1926 பத்திரத்தில் "ஓட்டு வீடு" என்றும் இருந்தால், கட்டிய காலம் அந்தப் பதினைந்து வருஷத்துக்குள் அடங்கிவிட்டது. முகப்பில் ஆண்டே இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

உங்கள் வீட்டுப் பத்திரம் தொலைந்திருந்தால் பக்கத்து வீட்டுப் பத்திரத்தைக் கேளுங்கள். செக்குபந்தியில் நான்கு எல்லை சொல்லும்போது "இன்னாருடைய காலிமனைக்குக் கிழக்கு", "இன்னாருடைய மச்சு வீட்டுக்கு மேற்கு" என்று எழுதியிருப்பார்கள். நான்கு பக்கத்துப் பத்திரங்களும் சேர்ந்து உங்கள் வீட்டைப் பற்றிப் பேசும். இது சார் பதிவாளர் அலுவலகத்தைவிட வேகமாகப் பலன் தருவதைப் பார்க்கலாம்.

பாகப்பிரிவினைப் பத்திரம் கிடைத்தால் புதையல் கிடைத்தது போலத்தான். விற்கும்போது வீட்டை மொத்தமாகச் சொல்லிவிடுவார்கள். அண்ணன் தம்பிகள் பிரித்துக்கொள்ளும்போது எந்த அறை யாருக்கு, கிணற்றில் யாருக்குப் பங்கு, கொல்லைக்குப் போக யாருக்கு நடைபாதை உரிமை, மாடிப்படி பொதுவா தனியா என்று ஒன்று விடாமல் எழுதுவார்கள். நீங்கள் போட்ட வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு வரிவரியாகச் சரிபாருங்கள். பத்திரத்தில் இருந்து இன்று இல்லாத அறையும், இன்று இருந்து பத்திரத்தில் இல்லாத அறையும் வீடு எப்படி மாறியது என்பதைக் காட்டிவிடும். ஒத்திப் பத்திரம், உயில், சிவில் கோர்ட் தீர்ப்பு ஆகியவற்றையும் விடாதீர்கள். குடும்பத்துக்குள் வழக்கு நடந்திருந்தால் வரலாறு நன்றாகப் பதிவாகியிருக்கும்.

முத்திரைத்தாளில் இருக்கும் முகமும் உதவும். விக்டோரியா என்றால் 1901 வரை, ஏழாம் எட்வர்ட் 1910 வரை, ஐந்தாம் ஜார்ஜ் 1936 வரை. பின்பக்கத்தில் முத்திரைத்தாள் விற்றவர் எழுதிய குறிப்பில் யாருக்கு, எந்தத் தேதியில் விற்றார் என்று இருக்கும். மன்னர் இறந்த பிறகும் மிச்சமிருந்த தாள் ஓடியிருக்கும் என்பதால் முகத்தைவிட அந்தக் குறிப்பு நம்பகமானது.

பத்திரமே இல்லையென்றால் உடனே ஏதோ தவறு என்று நினைக்க வேண்டாம். நூறு ரூபாய்க்குக் குறைந்த விற்பனையைப் பதிவு செய்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அந்தக் காலத்தில் நூறு ரூபாய்க்குள் வாங்கிய மனைகள் ஏராளம்.

பழைய தேதிகளைப் படிப்பது

பழைய காகிதத்தில் ௳ என்றால் நாள், ௴ என்றால் மாதம், ௵ என்றால் வருஷம், ௸ என்றால் மேற்படி, ௹ என்றால் ரூபாய். "ஷை" என்று வந்தாலும் மேற்படி என்றுதான் பொருள். ௰ பத்து, ௱ நூறு, ௲ ஆயிரம். ஆகவே ௲௮௱௯௰ என்பது 1890. இந்தக் குறிகளை ஒரு தாளில் எழுதிப் பையில் வைத்துக்கொண்டால் போதும், இரண்டாவது பத்திரத்திலேயே பழகிவிடும்.

வருவாய்க் கணக்குகள் பசலியில் (வரிக்கணக்குக்கான தனி ஆண்டுமுறையில்) இருக்கும். பசலியோடு 590ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். பசலி 1300 என்பது 1890 ஜூலை முதல் 1891 ஜூன் வரை. கன்னியாகுமரி, செங்கோட்டைப் பக்கம் கொல்லம் ஆண்டு வரும். அதோடு 824 அல்லது 825ஐக் கூட்டுங்கள். அந்தப் பகுதிகள் 1956 வரை திருவிதாங்கூர் பக்கம் இருந்தவை என்பதால் காகிதம் மலையாளத்திலும் இருக்கலாம்.

தமிழ் வருஷப் பெயர் மட்டும் இருந்தால் கொஞ்சம் நிதானம் வேண்டும். அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்ப வரும். முகப்பில் "ஆனந்த வருஷம் தை மாதம்" என்று இருந்தால் அது 1855ஆகவோ 1915ஆகவோ 1975ஆகவோ இருக்கலாம். சுவரும் இரும்பும் அங்கே தீர்ப்புச் சொல்லும். எழுத்து வடிவமும் ஓரளவு உதவும். லை, னை போன்றவற்றில் யானைத் துதிக்கை போல வளைந்த பழைய ஐகாரம் இருந்தால் 1978இன் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தியதாக இருக்கலாம். ஆனால் கையால் போர்டு எழுதுபவர்கள் அதற்குப் பிறகும் பழைய வடிவத்தை விடவில்லை.

பெரியவர்களிடம் எப்படிக் கேட்பது

"இந்த வீடு எந்த வருஷம் கட்டியது?" என்று கேட்டால் யாருக்கும் தெரியாது, அல்லது எல்லோரும் நூறு, இருநூறு என்பார்கள். வாழ்க்கையில் நடந்த ஒன்றோடு சேர்த்துக் கேளுங்கள். "ஆச்சி, நீங்க வாக்கப்பட்டு வந்தப்போ இந்த மாடி இருந்துச்சா?" என்று கேட்டால் உடனே பதில் வரும். கல்யாணத் தேதியைக் கல்யாணப் பத்திரிகையில் பார்த்துக்கொள்ளலாம்.

ஊருக்கே தெரிந்த நிகழ்ச்சிகளையும் பிடித்துக்கொள்ளுங்கள். தனுஷ்கோடியை அழித்த 1964 டிசம்பர் புயல், டெல்டாவை அடித்த 1952 புயல், காவிரியில் 1924 வெள்ளம், ஜப்பான் குண்டு பயத்தில் 1942இல் சென்னை காலியானது, அதே வருஷம் பர்மாவிலிருந்து மக்கள் நடந்தே வந்தது. "புயல்ல ஓடு பறந்துச்சு, அப்புறம்தான் தளம் போட்டாங்க" என்று ஒருவர் சொன்னால் அந்தத் தளத்துக்கு ஒரு தேதி கிடைத்துவிட்டது. செட்டிநாட்டில் பர்மா கதை வீட்டோடு பின்னியிருக்கும். தேக்கு வந்த பாதையும் பணம் வந்த பாதையும் ஒன்றுதான், 1942இல் இரண்டும் ஒரே நேரத்தில் அடைபட்டன. பாதியில் நின்ற மாடியைப் பார்த்தால் இந்த வருஷத்தை நினைவில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

வீட்டுக்காரர்களோடு நிற்காமல், அந்த வீட்டில் வேலை பார்த்தவர்கள், வாடகைக்கு இருந்தவர்கள், கொல்லை வழியே மட்டும் உள்ளே வர அனுமதித்திருந்தவர்கள் எல்லோரிடமும் பேசுங்கள். சமையல்கட்டும் கொல்லையும் எப்படி மாறின என்பது அவர்களுக்குத்தான் தெரியும். குடும்பப் பெருமைக்குள் வராத உண்மைகளும் அவர்களிடம்தான் இருக்கும்.

சொத்தைப் பற்றிக் கேட்டு வரும் ஆளைப் பார்த்தால் யாருக்கும் பயம் வரும். பங்காளிகளுக்குள் தகராறு ஓடிக்கொண்டிருக்கலாம். எதற்காகக் கேட்கிறீர்கள் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். அசல் பத்திரத்தை வெளியே எடுத்துப்போகக் கேட்காதீர்கள், அங்கேயே வைத்துப் படமெடுங்கள். உயிரோடு இருப்பவர்களின் பெயரும் தொகையும் உள்ள பக்கங்களை வெளியில் காட்டாதீர்கள்.

ஊர் அலுவலகங்களும் காப்பகங்களும்

நகராட்சியில் சொத்து வரி விதிப்புப் பதிவேடு இருக்கும். வரி திடீரென்று கூடிய வருஷத்தில் ஏதோ கட்டியிருக்கிறார்கள். பழைய கதவு எண்ணை இங்கேதான் தெரிந்துகொள்ள முடியும். காகிதம் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு எழுதிக் கேளுங்கள். "வரலாறு வேண்டும்" என்று பொதுவாகக் கேட்டால் பயனில்லை. எந்தப் பதிவேடு, எந்த ஆண்டு, எந்தக் கதவு எண் என்று குறிப்பாகக் கேட்க வேண்டும். பரம்பரைக் கிராமக் கணக்கர் பதவி 1980இல் ஒழிந்தது. ஆனாலும் பழைய கணக்குப்பிள்ளை வீடுகளில் கட்டுக்கட்டாகக் கணக்குகள் இன்றும் கிடக்க வாய்ப்பு உண்டு.

எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போவதற்கு முன்னால் உங்கள் ஊர் எந்தெந்த ஆண்டில் எந்த மாவட்டத்தில் இருந்தது என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள். காரைக்குடி 1910க்கு முன் மதுரை மாவட்டம், பிறகு ராமநாதபுரம், 1985க்குப் பிறகு இன்றைய சிவகங்கை மாவட்டம். தவறான மாவட்டத்தில் தேடினால் நாள் முழுக்கத் தேடினாலும் ஒன்றும் கிடைக்காது. புதுக்கோட்டை 1948 வரை தனிச் சமஸ்தானம் என்பதால் தர்பார் காகிதங்கள் வேறு. அனுமதி பெற்றுத்தான் பார்க்க முடியும், முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டுப் போங்கள். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய தமிழ் இதழ்களும் துண்டுப் பிரசுரங்களும் உண்டு. கடை, அச்சகம், நாடகக் கொட்டகை போன்றவற்றுக்கு அங்கே விளம்பரமாவது கிடைக்கலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தை வீட்டிலிருந்தே தேடலாம்.

தேடும்போது கட்டடத்தின் எல்லாப் பெயர்களையும் வைத்துத் தேட வேண்டும். சென்னைக் கடற்கரையில் இருக்கும் விவேகானந்தர் இல்லத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க டியூடர் கம்பெனி 1842இல் கட்டியது அது. பனிக்கட்டி வியாபாரம் நொடித்த பிறகு வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் வாங்கி, ஜன்னலும் தாழ்வாரமும் வைத்துக் குடியிருக்கும் வீடாக மாற்றி, காசில் கெர்னன் என்று பெயர் வைத்தார். 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் அங்கே தங்கினார். பிறகு அரசு வாங்கியது, சகோதரி சுப்புலட்சுமியின் விதவைப் பெண்கள் விடுதி அங்கே நடந்தது. இன்றைய பெயர் 1963இல் வந்தது. "விவேகானந்தர் இல்லம்" என்று மட்டும் தேடினால் முதல் 120 வருஷம் கண்ணிலேயே படாது. ஊர் வாயில் அது இன்னும் ஐஸ் ஹவுஸ்தான். மக்கள் சொல்லும் பெயரை அலட்சியம் செய்யாதீர்கள், மிகப் பழைய தடயம் அதில் இருக்கலாம்.

எழுதி வைப்பது

ஒரு நோட்டில் நான்கு பத்தி போடுங்கள்: ஆண்டு, அது எதனுடைய ஆண்டு, எப்படித் தெரியும், எவ்வளவு உறுதி. ஒன்றையொன்று பார்த்து எழுதாத இரண்டு சாட்சிகள் ஒத்துப்போனால் "உறுதி". குடும்பத்தில் சொன்னதையே பத்திரிகைக்காரர் எழுதியிருந்தால் அது இரண்டு சாட்சி அல்ல, ஒன்றுதான். ஒற்றை ஆண்டு கிடைக்காவிட்டால் "1911க்கும் 1926க்கும் இடையில் முன்கட்டு; மாடி 1928; பின்கட்டு ஓட்டுச் சரிவு 1952 புயலுக்குப் பின்" என்று எழுதுங்கள். கேட்பவருக்கு ஒரே எண் வேண்டும் என்று ஆசை இருக்கும். அதற்காக எண்ணைக் கற்பிக்க வேண்டாம். வீடுகள் ஒரே நாளில் கட்டி முடிந்தவையும் அல்ல.

வாய்மொழிக் கதை காகிதத்தோடு மோதினால் கதையைத் தூக்கி எறியாமல் தனியே எழுதிவையுங்கள். அப்புறம் வரும் ஒரு பத்திரம் அதை விளக்கிவிடலாம். முடிந்ததும் ஒரு பிரதியை அச்சிட்டு, பத்திரப் படங்களோடும் வரைபடத்தோடும் வீட்டில் இருப்பவர்களிடம் கொடுங்கள். பொதுக் கட்டடமாக இருந்தால் ஊர் நூலகத்துக்கும் ஒரு பிரதி போகட்டும். எந்தக் கேள்விக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை, அதற்கு எந்த அலுவலகத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்று கடைசிப் பக்கத்தில் எழுதிவிட்டால் அடுத்து ஆராய வருபவர் அங்கிருந்தே தொடங்கலாம்.